பெருவழியில் மறைந்து செல்லும் ஒற்றர்

பெருவழி என்பது ஒரு நாட்டின் உயிர்நாடி. அரசின் ஆணையும், வணிகரின் சரக்கும், உறவினரின் கடிதமும் அதன்மீதே செல்கின்றன. ஆயினும், எந்த வழியில் நல்லோர் மிகுதியாக நடமாடுகின்றனரோ அந்த வழியையே தீயோரும் தமக்கு மறைவிடமாகக் கொள்வர். வெட்டவெளியில் தனித்து நிற்பவன் எவர் கண்ணுக்கும் தப்பான்; சந்தைக் கூட்டத்தில் நிற்பவனையோ ஒருவரும் திரும்பிப் பாரார். கூட்டமே அவனுக்கு முகமூடி.

சப்பிரகமுவை மாகாணத்து மாவனல்லை இவ்வுண்மைக்கு ஒரு பழைய சான்று. கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருவீதி 1820களில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் அமைக்கப்பெற்றது. 1832இல் அவ்வீதியிலே தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. 1867இல் புகையிரதம் கண்டியை அடையும்வரை, மலைநாட்டுக் கோப்பி பெரும்பாலும் மாட்டுவண்டிகளிலேயே துறைமுகத்துக்கு இறங்கிற்று. அந்த வண்டித் தொடர்களைக் கண்வைத்து வாழ்ந்தவன் உத்துவன்கந்தைச் சரதியல். அவன் பல வேடங்களில் வழிப்போக்கரோடு வழிப்போக்கனாகத் திரிந்தான் என்பது மக்கள் வழக்கு. 1864 மார்ச் 21ஆம் நாள், மாவனல்லையில் அவனைப் பிடிக்கச் சென்ற பொலிஸ் கொன்ஸ்தாபிள் சபான் சுடப்பட்டு இறந்தார். அவ்வாண்டு மே 7ஆம் நாள் சரதியல் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். கடமையில் உயிர்நீத்த முதற் பொலிஸ்காரர் என்று சபானை நினைத்து, இன்றும் ஆண்டுதோறும் மார்ச் 21ஆம் நாளைப் பொலிஸ் திணைக்களம் நினைவுகூர்கின்றது.

கள்வன் ஒருவன் இருக்கின்றான் என்பதற்காகக் கண்டி வீதியை எவரும் மூடிவிடவில்லை, மூடவும் இயலாது. மூடினால் கோப்பியும் தபாலும் நின்றுபோகும். வழியைத் திறந்து வைத்துக்கொண்டே அதில் செல்லும் கள்வனை இனங்காண்பதுதான் காவலரின் கடமையாயிற்று. அதே கடமை இன்று வேறொரு பெருவழியில், வேறொரு வடிவத்தில் எழுந்துள்ளது. அப்பெருவழி இணையம். அதில் மறைந்து செல்லும் கள்வன் தீநிரல். பொதுமக்கள் பொதுவாக ‘வைரஸ்’ என்று சொல்வது இதனையே. இத்தீநிரல்கள் தம் செய்திகளை அன்றாடப் போக்குவரத்தின் நடுவே மறைத்துச் செல்லக் கற்றுக்கொண்டது எங்ஙனம் என்பதே இங்கு ஆராயப்படும் வரலாறு.

முதலில், தீநிரல் ஏன் பேசவேண்டும் என்பதைக் காண்போம். கோட்டைக்குள் நுழைந்த ஒற்றன் எத்துணைத் திறமுடையவனாயினும், கண்டதை வெளியே சொல்ல வழியில்லையேல் அவனால் பகைவனுக்குப் பயன் யாது? அவ்வாறே, ஒரு கணினிக்குள் புகுந்த தீநிரலுக்கும் மூன்று தேவைகள் உண்டு. தன்னை ஏவியவனிடமிருந்து கட்டளை பெறவேண்டும். திரட்டிய செய்தியை அவனுக்கு அனுப்பவேண்டும். தேவைப்படின் புதிய கருவிகளை வரவழைத்துக் கொள்ளவேண்டும். இம்மூன்றும் இணையத்தின் வழியே நிகழவேண்டியவை. ஆகவே ஒளிந்திருக்கும் தீநிரலைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் பேச்சே. பேசாவிட்டால் பயனில்லை, பேசினால் பிடிபட நேரும். இந்த இக்கட்டிலிருந்தே மறைபேச்சுக் கலை பிறந்தது.

கலை புதிதன்று. திருவள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். துறவியின் கோலத்தில் செல்லும் ஒற்றனை அவர் அங்குக் குறிப்பிடுகின்றார். துறவி எங்குச் சென்றாலும் எவரும் தடுக்கமாட்டார் என்பதை அக்கால அரசியல் அறிந்திருந்தது. கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டசு, மிலேத்தசு நகரத்து இசுதியேயசு என்பவன் ஓர் அடிமையின் தலையை மழித்து, மண்டையோட்டின் தோலிலே செய்தியைப் பச்சைகுத்தி, மயிர் வளர்ந்தபின் அனுப்பிய கதையைச் சொல்கின்றார். வழியிற் கண்டோர் யாவருக்கும் அவன் வெறும் பணியாள். செய்தியைப் பூட்டி வைப்பது ஒரு கலை. செய்தி ஒன்று செல்கின்றது என்பதையே தெரியாமற் செய்வது அதனினும் நுண்ணிய கலை.

கணினி அறிவியல் இதனை முறையாக ஆராயத் தொடங்கியது 1973இல். அமெரிக்கக் கணினி அறிஞர் பட்லர் லாம்ப்சன், ஒரு நிரலைச் சிறையிட்டாற்போல் அடைத்து வைத்தாலும், செய்தி அனுப்புவதற்கென அமையாத வழிகளின் மூலம் அது வெளியே செய்தி கசியவிடக்கூடும் என்று அவ்வாண்டு எழுதினார். 1983இல் கஸ்டாவஸ் சிமன்ஸ் என்னும் மற்றோர் அறிஞர் அதே சிக்கலை ஒரு கதையாகவே அமைத்தார். இரு கைதிகள் தனித்தனி அறைகளில் அடைபட்டுள்ளனர். கடிதம் எழுதிக்கொள்ளச் சிறையதிகாரி இசைகின்றார். ஆனால் ஒவ்வொரு கடிதத்தையும் தாம் படித்துப் பார்த்த பின்னரே கொடுப்பார். தப்பியோடும் திட்டத்தை அவர்கள் எவ்வாறு பேசிக்கொள்வது? வானிலையையும் உடல்நலத்தையும் பற்றிய சாதாரணக் கடிதம்போல் தோன்றி, உள்ளே வேறொன்றைத் தாங்கும் கடிதமே வேண்டும். சிமன்ஸின் கைதிகளுடைய நிலைதான் அலுவலகக் கணினிக்குள் அகப்பட்ட தீநிரலின் நிலையும்.

தொடக்க காலத்துத் தீநிரல்கள் இத்துணை நாணமுடையனவாக இருக்கவில்லை. 1990களின் இறுதியிலும் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் அவை ‘ஐ.ஆர்.சி.’ எனப்படும் பொது அரட்டை அறைகளில் வெளிப்படையாகவே கூடின. ஏவியவன் அறைக்குள் வந்து ஒரு சொல் எழுதினால், ஆயிரக்கணக்கான கணினிகள் ஒருங்கே கீழ்ப்படியும். இதனைத் தடுப்பது எளிதாயிருந்தது. ஒவ்வொரு கணினிக்கும் எண்ணிட்ட வாயில்கள் பல உண்டு. அரட்டை அறைக்கு வழக்கமாகப் பயன்பட்ட வாயில் 6667ஆம் எண்ணுடையது. அலுவலகங்கள் தீச்சுவர் எனப்படும் காவலை எழுப்பி, தமக்கு வேண்டாத அந்த வாயிலை அடைத்தன. அத்துடன் அப்பேச்சு நின்றது.

வாயில் அடைபட்டதும் கள்வன் ஊரை விட்டுப் போய்விடவில்லை. அடைக்க முடியாத வாயிலைத் தேடினான். எந்த அலுவலகமும் அடைக்க முடியாத வாயில்கள் மூன்று. இணையத்தளங்களைப் பார்க்கும் 80ஆம் வாயில். அதன் மறைகுறியாக்கப்பட்ட வடிவத்துக்குரிய 443ஆம் வாயில். தளங்களின் பெயரைக் கேட்டு முகவரி அறியும் 53ஆம் வாயில். இவற்றை அடைத்தால் வங்கியும் வைத்தியசாலையும் பள்ளிக்கூடமும் வேலை செய்யா. ஆகவே தீநிரல்கள் இம்மூன்று வாயில்களிலும் வந்து போவோருடன் வரிசையில் நிற்கத் தொடங்கின.

பெயர் கேட்கும் வழக்கத்தைச் சற்று விரித்துரைத்தல் தகும். இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் ஆள்களப் பெயர் உண்டு. அப்பெயருக்குரிய எண் முகவரியை டி.என்.எஸ். என்னும் அமைப்பு சொல்லும். அலுவலகக் கணினி தன் அருகிலுள்ள சேவையகத்தைக் கேட்கும். அது அறியாவிடின், அப்பெயருக்கு உரியவரின் சேவையகத்தைக் கேட்டு விடை கொணரும். இந்த நற்பழக்கத்தையே தீநிரல் பயன்படுத்திக்கொள்கின்றது. திருடிய செய்தியை எழுத்துக்களாகத் துண்டுசெய்து, ஒவ்வொரு துண்டையும் தன் ஆண்டானின் ஆள்களப் பெயருக்கு முன்னே ஒட்டி, அந்தப் பெயருக்கு முகவரி யாது என்று கேட்கின்றது. ஒரு பெயரின் ஒவ்வொரு பகுதியும் 63 எழுத்துக்கள்வரை நீளலாம் என்பது விதி; அவ்விடத்துக்குள் களவுப்பொருள் அடங்கிவிடும். அலுவலகத்தின் சொந்தச் சேவையகமே அக்கேள்வியை உரியவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. விடையாக வருவது முகவரிபோல் தோன்றும் கட்டளை. வீட்டு வேலைக்காரனே அறியாமல் கள்வனின் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பது போன்றதன்றோ இது!

ஆண்டானின் முகவரி ஒன்றே ஆனால், அதனைக் கண்டுபிடித்துத் தடுத்துவிடலாம். 2008 நவம்பரில் தோன்றிய ‘கொன்பிக்கர்’ என்னும் தீநிரல் இதற்கும் மாற்று வைத்திருந்தது. அது நாள்தோறும் அன்றைய திகதியைக் கொண்டு 250 பெயர்களைத் தானே கணித்துக்கொள்ளும். அவற்றுள் ஏதேனும் ஒன்றை ஆண்டான் முன்னரே பதிவுசெய்திருந்தாற் போதும். காவலர் அந்த 250 பெயர்களையும் தாமே முந்திப் பதிவுசெய்து தடுத்தனர். உடனே வந்தது புதிய வடிவம்: 2009 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் நாளொன்றுக்கு 50,000 பெயர்கள். அவற்றை மறிக்க, பல நாடுகளின் பெயர்ப் பதிவாளரும் ஆய்வாளரும் ஒன்றுகூடிக் குழு அமைக்க வேண்டியதாயிற்று. கள்வன் ஒருவன் கணக்குப் போட, காவலர் ஓருலகமாகக் கூடவேண்டி வந்தது.

ஈரானின் யுரேனியச் செறிவூட்டும் ஆலையைக் குறிவைத்ததாக 2010இல் வெளிப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’, தன் ஆண்டானோடு பேசக் கொண்டிருந்த இரு தளங்களின் பெயர்களும் உதைபந்தாட்டச் செய்தித் தளங்களின் பெயர்களாகவே தோற்றின. அலுவலகத்திலிருந்து ஒருவர் பந்தாட்ட முடிவைப் பார்க்கின்றார் என்றே பதிவேட்டைப் படிப்பவர் எண்ணுவார்.

பின்னர், பொய்யான தளமும் தேவையற்றதாயிற்று. உண்மையான தளங்களே போதுமாயின. இதற்கான சான்று இந்தியாவிலேயே கிடைத்தது. 2009 மார்ச்சில் கனடாவின் டொரொன்டோ ஆய்வாளர்கள் ‘கோஸ்ட்நெட்’ என்னும் ஒற்றாடலை வெளிப்படுத்தினர். அதில் 103 நாடுகளைச் சேர்ந்த 1,295 கணினிகள் அகப்பட்டிருந்தன. அதன் தொடர்ச்சியாக அவர்கள் 2010 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இன்னும் வியப்புக்குரியது. இந்திய அரசைச் சேர்ந்தனவாகத் தோன்றிய இரகசிய ஆவணங்களும், தலாய் லாமாவின் அலுவலகத்திலிருந்து 2009 ஜனவரிக்கும் நவம்பருக்கும் இடையே சென்ற 1,500 கடிதங்களும் களவுபோயிருந்தமை அதில் காட்டப்பட்டது. களவாடப்பட்ட கணினிகள் கட்டளை பெற எங்கே சென்றன? டுவிட்டர், கூகுள் குழுக்கள், பிளாக்ஸ்பொட், யாகூ மின்னஞ்சல் ஆகிய பொது இடங்களுக்கே. அங்கே ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருந்த சிறு குறிப்பு, அடுத்துச் செல்லவேண்டிய முகவரியைச் சொல்லும். இலட்சக்கணக்கானோர் நாள்தோறும் சென்றுவரும் தளத்துக்கு ஓர் அலுவலகக் கணினியும் சென்றுவருவதில் யார் குற்றம் காண்பார்?

இனி, இலங்கையைத் தொட்ட ஒரு நிகழ்ச்சி. 2016 பெப்ரவரித் தொடக்கத்தில், பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரால், நியூயோர்க்கில் அவ்வங்கிக்கிருந்த கணக்கிலிருந்து 951 மில்லியன் டொலரை வெளியே அனுப்பும் போலி ஆணைகள் 35 பிறந்தன. பெரும்பாலானவை தடுக்கப்பட்டன. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்சுக்குப் போய்ச் சேர்ந்தது. 20 மில்லியன் டொலர் இலங்கையிலுள்ள ஒரு வங்கிக்கு, ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு வந்தது. ‘பவுண்டேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் அந்த ஆணையிலே பிழையாக எழுதப்பட்டிருந்தது. இடையிலிருந்த ஜெர்மானிய வங்கி அப்பிழையைக் கண்டு விளக்கம் கேட்டது. பணம் நின்றது, பின்னர் திரும்பிற்று. எழுத்துப்பிழை ஒன்று இருபது மில்லியன் டொலரைக் காத்தது என்று உலகம் வியந்தது. எழுத்தைக் கூட்டிப் படித்த ஒருவரின் கவனமே அதனைக் காத்தது என்று சொல்வது இன்னும் பொருந்தும்.

அந்தக் களவுக்குப் பின்னிருந்தவர்கள் என அமெரிக்க அரசு 2018இல் குற்றஞ்சாட்டியது, ‘லாசரஸ்’ என்று ஆய்வாளர் பெயரிட்ட, வட கொரிய அரசோடு தொடர்புடைய குழுவை. அக்குற்றப்பத்திரம் அக்குழுவின் தீநிரல்களுக்குள் பொதுவாயிருந்த ஒரு வேடத்தை விளக்கிற்று. இன்று வங்கித் தளமோ அஞ்சல் தளமோ எதனை அணுகினும், இரு கணினிகளும் முதலில் டி.எல்.எஸ். என்னும் நடப்பொழுங்கின்படி ஒன்றுக்கொன்று முகமன் கூறும். அதன்பின் செல்வன யாவும் மறைகுறியாக்கப்படும். லாசரஸின் நிரல்கள் அந்த முகமனை மட்டும் பாவனை செய்தன. தொடக்கம் டி.எல்.எஸ். போன்றிருக்கும், உள்ளே செல்வதோ அவர்களின் சொந்த மறைமொழி. வாயிற்காவலன் முகமனைக் கேட்டு, உரியவரே வந்தார் என்று வழிவிட்டான்.

சிலப்பதிகாரம் அறிந்தோருக்கு இது புதிராகாது. அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தே ஒன்றுபோல் தோன்றின. உடைத்த பின்னரே முத்தும் மாணிக்கமும் வேறாயின. புறத்தோற்றத்தை மட்டும் கண்டு தீர்ப்புச் சொன்னமையால் அங்கே ஒரு குற்றமற்றவன் கொலையுண்டான். இங்கேயோ புறத்தோற்றத்தை மட்டும் கண்டமையால் குற்றவாளி தப்பினான். இரண்டிற்கும் வேர் ஒன்றே.

அதே லாசரஸ் குழுவின் கைவேலை என்று ஆய்வாளர் கருதும் ஒரு தீநிரல் தமிழ்நாட்டின் கரைக்கும் வந்தது. ‘டிட்ராக்’ என்பது அதன் பெயர். இந்தியாவின் தன்னியக்கப் பணப்பொறிகளில் அட்டை விவரங்களைத் திருடிய இதன் உறவு நிரல் ஒன்றை 2018இல் கண்ட காஸ்பர்ஸ்கை நிறுவனம், 2019 செப்டெம்பர் 23ஆம் நாள் டிட்ராக் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டது. விசைப்பலகையில் தட்டப்படும் எழுத்துக்கள், பார்த்த இணையத்தளங்களின் வரலாறு, இயங்கும் நிரல்களின் பட்டியல், வட்டிலுள்ள கோப்புகளின் பெயர்கள் ஆகியவற்றை அது திரட்டக்கூடியது என்று அவ்வாய்வு கூறிற்று. சுருங்கச் சொன்னால், உடனே எதனையும் உடைப்பதற்காகவன்றி, வீட்டை அளந்து வரைபடம் எடுத்துப் போவதற்காக வந்த ஒற்றன் அது.

2019 ஒக்டோபர் இறுதியில், பொதுவெளிக்கு வந்திருந்த ஒரு டிட்ராக் மாதிரியை ஆராய்ந்தோர், அதனுள்ளே திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் எழுதப்பட்டிருப்பதைக் கண்டனர். கூடங்குளம் சிறிய நிலையமன்று. உருசியத் தொழில்நுட்பத்தில் அமைந்த, ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் திறனுள்ள இரு உலைகள் அப்பொழுது அங்கு இயங்கின. மாதிரியின் அமைப்பும் கருதத்தக்கது. அது திரட்டிய விவரங்களைச் சுருக்கிக் கட்டி, நேரே அயல்நாட்டுக்கு அனுப்பவில்லை. அதே உள் வலையமைப்பிலிருந்த மற்றொரு கணினிக்கு, அலுவலர் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கமான முறையிலேயே மாற்றி வைக்கும்படி எழுதப்பட்டிருந்தது. அதற்கு வேண்டிய கடவுச்சொல்லும் நிரலுக்குள்ளேயே இருந்தது. அலுவலகத்துக்குள் ஒரு மேசையிலிருந்து மறுமேசைக்கு ஒரு கோப்பு நகர்வதை எந்த வாயிற்காவலன் தடுப்பான்? வெளிவாயிலையே நோக்கியிருக்கும் காவலுக்கு உள்வீட்டு நடமாட்டம் புலப்படாது. முன்பே ஒருவன் உள்ளே வந்து வீட்டை அறிந்து சென்றிருக்கின்றான் என்பதற்கும் அக்கடவுச்சொல்லே அறிகுறி.

செய்தி பரவியதும் நிலையத்தின் முதல் விடை மறுப்பாகவே இருந்தது. ஒக்டோபர் 29ஆம் நாள் வெளியிட்ட அறிக்கையில், அணுமின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையமைப்புடனோ இணையத்துடனோ தொடர்பற்றுத் தனித்து இயங்குவன. ஆகவே அவற்றின்மேல் தாக்குதல் இயலாது என்று சொல்லப்பட்டது. மறுநாளே, ஒக்டோபர் 30ஆம் நாள், இந்திய அணுமின் கழகம் மற்றோர் அறிக்கை வெளியிட்டது. தீநிரல் கண்டறியப்பட்டமை உண்மையே. செப்டெம்பர் 4ஆம் நாளே இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழு அதனை அறிவித்தது. பாதிப்புற்றது நிருவாகப் பணிகளுக்காக இணையத்துடன் இணைந்திருந்த ஒரு கணினி. முக்கியமான உள் வலையமைப்பு அதனின்றும் பிரிக்கப்பட்டுள்ளது என்று அவ்வறிக்கை கூறிற்று.

இவ்விரு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். முதலறிக்கை கேள்வியை உலைக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டது. அதனைப் படித்தோர் ஒன்றுமே நிகழவில்லை என்று எண்ணினர். இரண்டாம் அறிக்கை அலுவலக மேசையையும் சேர்த்துச் சொன்னது. உலை வேறு, அலுவலகம் வேறு என்பது பொறியியலில் சரியான பிரிவு. ஆயினும் அலுவலகக் கணினியில் ஊழியரின் விவரங்களும், கொள்முதல் கடிதங்களும், நிலையத்தின் அன்றாட ஒழுங்குகளும் இருக்கக்கூடும். ஒற்றனுக்கு அவையே போதிய பொருள். மேலும், கூடங்குளத்தைச் சூழ்ந்த கடலோரக் கிராமங்களின் மக்கள் அந்நிலையத்தைக் குறித்து நெடுங்காலம் அச்சத்தோடு போராடியவர்கள். 56 நாட்கள் அறிந்திருந்த ஒரு செய்தி, அயலார் ஒருவர் வெளியிட்ட பின்னரே அவர்களுக்குக் கிடைத்தது. கள்வன் தன் பேச்சை மறைப்பது அவன் தொழில். காவலரும் பேசாதிருந்தால், மக்கள் யாரை நம்புவர்? நம்பிக்கை ஒருமுறை குறைந்தால், பின்னர்ச் சொல்லப்படும் மெய்யும் பொய்யாகத் தோன்றும். தீநிரல் கொண்டுபோன கோப்புகளை விடப் பெரிய இழப்பு அதுவே.

மறைபேச்சின் உச்சம் என்று சொல்லத்தக்க நிகழ்ச்சி 2020 டிசெம்பரில் வெளிப்பட்டது. அமெரிக்காவின் ‘சோலார்விண்ட்ஸ்’ நிறுவனம், வலையமைப்புகளைக் கண்காணிக்கும் ஒரு மென்பொருளை விற்றுவந்தது. அதன் வழக்கமான இற்றைப்படுத்தலுக்குள்ளேயே தீநிரல் புகுத்தப்பட்டிருந்தது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அதனைத் தம் கையாலேயே நிறுவிக்கொண்டனர். நிறுவப்பட்டதும் அது இரு வாரம்வரை உறங்கும். விழித்தபின், அம்மென்பொருள் தன் நிறுவனத்துக்கு வழக்கமாக அனுப்பும் அறிக்கையின் வடிவிலேயே பேசும். காவற்காரனின் உடையை மட்டுமன்று, அவன் நடையையும் குரலையும் கற்றுக்கொண்ட கள்வன் அது. அதனை முதலிற் கண்டுபிடித்த ‘பயர்ஐ’ நிறுவனத்துக்குத் துப்புக் கொடுத்தது யாது? தம் ஊழியர் ஒருவரின் பெயரில் இரண்டாவது கைபேசி ஒன்று பதிவாகியிருந்தது. அது உங்களுடையதா என்று அவரைக் கேட்டனர், இல்லை என்றார். அவ்வளவே. ஒரு சிறு கேள்வி பெருஞ்சூழ்ச்சியின் கட்டவிழ்த்தது.

அவ்வாறாயின், ஒன்றுபோல் தோன்றும் இவற்றை வேறு பிரிப்பது எங்ஙனம்? காவலர் கற்றுக்கொண்ட முறைகள் சில. முதலாவது, காலம். மனிதன் இணையத்தை நாடுவதில் ஒழுங்கில்லை. காலையில் மிகும், மதிய உணவின்போது குறையும், இரவில் நிற்கும். தீநிரலோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று எண்ணிவைத்தாற்போல் தன் ஆண்டானை அழைக்கும். நள்ளிரவிலும் தவறாத அந்தத் துடிப்பே அதனைக் காட்டிக்கொடுக்கும். இதனை அறிந்த கள்வர் இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் கலைத்தனர். எனினும் நெடுநாட் பதிவேட்டில் கலைப்பிலும் ஓர் ஒழுங்கு தென்படும். இரண்டாவது, அளவு. பெயர் கேட்கும் கேள்வி சிறியதாக இருத்தல் இயல்பு. பொருளற்ற எழுத்துக்கள் நிறைந்த நீண்ட பெயர்களை ஒரு கணினி ஆயிரக்கணக்கில் கேட்குமாயின் அதில் ஏதோ இருக்கின்றது. மூன்றாவது, முகமனின் சாயல். 2017இல் வெளிவந்த ‘ஜே.ஏ.3’ என்னும் முறை, மறைகுறியை உடைக்காமலேயே, தொடக்க முகமனின் சொல்லடுக்கைக் கொண்டு பேசும் நிரலை இனங்காண முயன்றது. சிலம்பை உடைக்காமல், அது ஒலிக்கும் ஓசையைக் கொண்டே உள்ளிருக்கும் பரலை அறிய முயல்வதற்கு இதனை ஒப்பிடலாம்.

இவையனைத்துக்கும் அடிப்படை ஒன்றுண்டு: இயல்பு எது என்று முன்னரே அறிந்திருத்தல். தன் ஊருக்கு வழக்கமாக வந்துபோகும் வண்டிகள் எத்தனை என்று அறியாத காவலனுக்கு, வழக்கமற்ற வண்டி எது என்று எப்படித் தெரியும்? ஒற்றன் ஒருவன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும் என்று வள்ளுவர் வகுத்த நெறியும் இங்குப் பொருந்தும். தீச்சுவரின் பதிவு ஒன்று, பெயர்ச் சேவையகத்தின் பதிவு ஒன்று, கணினியின் சொந்தப் பதிவு ஒன்று. மூன்றும் ஒன்றையொன்று ஒத்துச் சொல்கின்றனவா என்று பார்ப்பவரிடமிருந்து தப்புதல் அரிது.

எளிய மருந்தொன்று உண்டென்று சிலர் கருதுவர்: எல்லாக் கடிதங்களையும் திறந்து பார்த்துவிட்டால் என்ன? மறைகுறியாக்கத்தையே தடுத்துவிட்டால் கள்வனுக்கு முகமூடி இராதே? இக்கருத்தின் விலையை எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் மகள் கொழும்பிலிருந்து கைபேசி வழியே வீட்டுக்கு அனுப்பும் சம்பளப் பணம், நோயாளியின் மருத்துவ அறிக்கை, வழக்காடுவோன் தன் சட்டத்தரணிக்கு எழுதும் கடிதம் ஆகிய யாவும் அதே மறைகுறியின் காப்பிலேயே செல்கின்றன. 2016இல் எகிப்திலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் தடைக்குள்ளான ‘சிக்னல்’ என்னும் செய்திச் செயலி, பெருநிறுவனத் தளமொன்றின் பெயரை முகப்பாகக் காட்டி, உள்ளே மக்களின் கடிதங்களைச் சுமந்து சென்றது. அதே உத்தியை ஓர் ஒற்றர் குழுவும் கையாண்டமை 2017இல் வெளிப்பட்டது. 2018 ஏப்ரலில் கூகுளும் அமேசனும் அவ்வழியை அடைத்தபோது, இரு சாராருக்குமே அது அடைபட்டது. ஒரே போர்வை, அதன்கீழ் ஏழையும் கள்வனும். போர்வையைப் பறிப்பதால் குளிரில் வாடுபவன் ஏழையே. கள்வன் வேறு போர்வை நெய்துகொள்வான்.

ஆகவே நாகரிக நாடுகள் இரண்டையும் ஒருசேரக் காக்க வழிதேடுகின்றன. இலங்கையில் கணினி அவசர நிலைகளைக் கையாளும் தேசிய நிலையம் 2006இல் நிறுவப்பட்டது. தனிமனிதர் தரவுகளைக் காப்பதற்கான சட்டம் 2022இல் இயற்றப்பட்டது. ஒன்று கள்வனைத் தேடுவது. மற்றொன்று தேடுவோன் வீட்டாரின் பெட்டியைக் கிளறாமல் தடுப்பது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒரு வண்டியின் இரு சில்லுகள்.

இவ்வரலாற்றிலே மீண்டும் மீண்டும் காணப்படும் பாடம் யாதெனின், பொய் தன் வலிமையால் வாழ்வதன்று; மெய்யோடு கொண்ட ஒற்றுமையாலேயே வாழ்கின்றது என்பதாம். பந்தாட்டத் தளமாகவும், அரட்டைப் பக்கமாகவும், வங்கியின் முகமனாகவும், காவற்காரனின் அறிக்கையாகவும் அது மாறிமாறி வந்தது. ஒவ்வொரு முறையும் அதனை வெளிப்படுத்தியதில் பெரிய பொறிகளுக்குப் பங்குண்டு. ஆனால் எழுத்துப்பிழையை நோக்கிய வங்கி ஊழியரும், இக்கைபேசி உங்களுடையதா என்று கேட்ட அலுவலரும் இல்லையேல், பொறிகள் மட்டும் என்ன செய்திருக்கும்? வழக்கமானதை நன்கறிந்து, வழக்கமற்றதைக் கண்டால் கேட்கத் துணிந்து, கண்டதை மறைக்காமல் உரியவரிடம் சொல்லும் மக்கள் உள்ள நாட்டிலே, ஒற்றன் நெடுநாள் கூட்டத்துள் மறைந்திருத்தல் இயலாது. அத்தகைய மக்களை ஆக்குவது காவல் நிலையத்தின் பணியன்று. வீட்டின் பணியும் பள்ளியின் பணியுமே ஆகும்.